இடது கக்கத்துக்கு மட்டும்

வீட்டில் டியோடரண்ட் செய்து விற்பது எப்படி என்று கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது செய்முறையைத்தான். செய்முறை ஒரு பெரிய விஷயமே இல்லை. தேங்காய் எண்ணெய், அப்பச்சோடா, கூவைக்கிழங்கு மா, வாசத்துக்கு ஏதாவது ஒன்று. அடுப்படியில் நின்று அரை மணித்தியாலத்தில் கிண்டி இறக்கிவிடலாம். அதை முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தன் கக்கத்தில் பூசும்படி செய்வதுதான் வேலை. அந்த வேலையை நான் எங்கே படித்தேன், அதற்காக ஒரு நல்ல மனிதரை எப்படிப் பாடாய்ப் படுத்தினேன் என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதும்போதே வருகிறது.

வெள்ளைக்காரர் கால்

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் மெயின் ரோட்டோரம் இருந்த ஒரு ஸ்பைஸ் கார்டனில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் டூரிஸ்ட்களுக்குத் தைலம், பாம், கிரீம் எல்லாம் விற்கிற வேலை. முதல் நாள் ஒரு ஜெர்மன்கார தம்பதி வந்தார்கள். நான் இரவெல்லாம் பாடமாக்கி வைத்திருந்த இங்கிலீஷை அப்படியே கொட்டினேன். முடி அகற்றும் கிரீமை எடுத்து வைத்து, வெரி குட் சேர், வெரி நெச்சுரல் சேர், நோ கெமிக்கல் சேர் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி பின்னாலிருந்து வந்தார்.

"ஏம்மா மகேஸ்வரி, நீ என்னா கோயில்ல அர்ச்சனையா சொல்ற? வாயால சொன்னா யாரு வாங்குவா. பூசிக் காட்டு."

சொல்லிவிட்டு, அந்த மனிதரை பெஞ்சில் உட்காரவைத்து, அவருடைய காலில் ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் கிரீமைத் தடவினார். கொஞ்ச நேரம் இஞ்சித் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பஞ்சால் துடைத்தார். கரடிக் கால் மாதிரி இருந்த அந்தக் காலின் நடுவில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று மொட்டையாக இருந்தது. மனைவிக்காரி சிரித்துச் சிரித்து பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். போகும்போது ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனார்கள்.

"முழுக் காலுக்கும் பூசியிருந்தா இந்த அம்மா சிரிச்சிருக்குமா? பூசாத எடமும் பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் பூசின எடம் தெரியும்" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றேன். எத்தனை நாட்டுக் கால்களில் எத்தனை மொட்டை வட்டம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் என் வாழ்க்கையின் மிகப் பெரிய வியாபாரம் காலில் நடக்கவில்லை.

ரோஸ்மேரி கிளம்பப் பார்த்தாள்

டூரிஸ்ட் வரத்து படுத்துப்போன காலத்தில் கார்டனில் ஆட்களைக் குறைத்தார்கள். எனக்கு எப்படியும் ஓய்வெடுக்கிற வயது. ஆனால் என் பக்கத்துக் கவுண்டரில் நின்ற ரோஸ்மேரிக்கு அப்படி இல்லை. வஹகோட்டைப் பெண். பலாபத்வலயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் கல்யாணம் கட்டி வந்தவள். புருஷன் அந்தோணி, மாத்தளை–தம்புள்ளை பஸ்ஸில் கொண்டக்டர். ஒரு சின்ன மகள்.

ஒரு நாள் பின்னேரம் என் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, குவைத்துக்கு வீட்டு வேலைக்கு மெடிக்கல் பாஸாயிருச்சு. பாஸ்போர்ட்ட ஏஜென்சில குடுத்துட்டேன். சித்திரைப் புதுவருஷம் முடிஞ்சோன டிக்கட் போட்டுருவாங்களாம்."

"புள்ளைய யாரு பாக்குறது?"

"அவரு பாத்துக்குவாராம்" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. "விடியிறதுக்கு முந்தி பஸ் ஏறி ராத்திரி எறங்குற மனுசன் புள்ளையப் பாக்குறாராமா? பஸ்ஸுல கட்டித் தொங்கவிட்டா பாப்பாரு?" என்று கத்தினேன். பிறகு நானும் சேர்ந்து அழுதேன். அழுதுகொண்டே தேநீர் ஊற்றினேன்.

அன்றைக்குத்தான் யோசனை வந்தது. தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பிளாஸ்டிக் இல்லாத சோப்பு, டியோடரண்ட் எல்லாம் ஊர்ப் பெண்களிடமே வாங்கி அறைகளில் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சோப்புக்கு ஏற்கனவே ஆள் பிடித்துவிட்டார்கள். டியோடரண்டுக்கு ஆள் இல்லை. அங்கே சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த மேடத்துக்கு ஃபோன் பண்ணினேன். புதுவருஷத்துக்கு முன்னால் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சரியாக இருந்தால் மாதா மாதம் எடுப்பார்கள். அது கிடைத்தால் ரோஸ்மேரி போகத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் அவள் விமானம் ஏறுவாள். கணக்கு அவ்வளவுதான்.

யாருடைய கக்கம்

ஃபோனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் குசினியில் டியோடரண்ட் செய்து காட்டும் வீடியோவைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். தை மாதம். செய்வது சுலபமாகத்தான் இருந்தது. பரீட்சித்துப் பார்ப்பதில்தான் மாட்டிக்கொண்டோம். நான் கல்யாணம் கட்டாதவள், என் வீட்டில் ஆம்பிளைக் கக்கம் எதுவும் கிடையாது. ரோஸ்மேரிக்கு வெயிலில் நின்றாலும் வேர்க்காது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தோணியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொடியில் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து பறந்தது.

"இடது பக்கத்துக்கு மட்டும் பூசு தம்பி" என்றேன்.

"ஏங்க்கா, ரெண்டுக்கும் பூசினா என்னா?"

"பூசாத எடம் வேணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும். மொதலாளி சொன்ன முறை."

"அவரு கால்ல தானங்க்கா சொன்னாரு" என்றார் பாவம். ஆனாலும் கையைத் தூக்கினார்.

முதல் தடவை மாத்தளைக்காரி என்ற பெருமையில் கறுவாத் தைலமும் கராம்புத் தைலமும் தாராளமாக விட்டுவிட்டேன். வாசம் ஊரைத் தூக்கியது. பஸ் பாதி வழியில் இருக்கிற நாலந்தாவைத் தாண்டுவதற்குள் அந்தோணிக்குக் கக்கத்தில் தீப்பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. டிக்கட் கொடுப்பதை விட்டுவிட்டு, இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்று வாங்கியிருக்கிறார். பின்னால் வந்த வாகனமெல்லாம் ஏதோ சிக்னல் என்று நினைத்து ஓரங்கட்டி நின்றிருக்கின்றன. வீட்டுக்கு வந்தும் இடுப்பில் கை வைத்தபடியே இருந்தார்.

"பிரியாணிக்குப் போடுற சாமான எல்லாம் எனக்குப் போடாதீங்க அக்கா" என்றார்.

இரண்டாம் தடவை ஏலக்காய்த் தைலமும் சவந்தரா என்கிற வெட்டிவேர்த் தைலமும் கொஞ்சமாகச் சேர்த்தேன். அப்பச்சோடாவையும் பாதியாகக் குறைத்தேன். அது பிடித்துப்போயிற்று. அன்று பின்னேரம் ரோஸ்மேரி வாசலிலேயே அவரை நிறுத்தி இடது பக்கம் மோந்து பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். வலது பக்கம் மோந்து பார்த்தாள், கிணற்றடிக்கு ஓடினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அந்த வயதில் நான் குதித்ததைப் பார்த்துக் கோழியெல்லாம் சிதறி ஓடின.

இப்படி ஒவ்வொரு நாளும் இடதுக்கு மட்டும் பூசிக்கொண்டு அந்தோணி வேலைக்குப் போனார். பஸ்ஸுக்குள் முன்னாலிருந்து பின்னால் போகும்போது ஒரு வரிசை சீட்டுக்கு ஏலக்காய் வாசம், மற்ற வரிசைக்கு மற்றது. திரும்பி வரும்போது பக்கம் மாறிவிடும். வழக்கமாக வருகிற ஆட்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் பின்னால் போனதும் எழுந்து எதிர்ப்பக்கம் மாறி உட்காருவார்களாம். திரும்பி வரும்போது மறுபடியும் மாறுவார்களாம். "அந்தோணி அண்ணே, இன்னைக்கு நல்ல பக்கம் எது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்களாம். ஒரு டீச்சரம்மா ஃபுட்போர்டில் நின்றபடியே, "தம்பி, நீங்க பின்னுக்கு நடந்துட்டா சொல்லுங்க, அப்புறம் நான் உக்காருறேன்" என்றாராம்.

அவர் இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் எங்களிடம் சொல்வார். ஒரு நாள் நான் மனம் கேளாமல், "தம்பி, ஒரு நாளைக்கு ரெண்டு பக்கமும் பூசிக்கிட்டுப் போ" என்றேன். அவர் மாட்டேன் என்றார். "செக்கிங்னா ஒழுங்கா செக்கிங்கா இருக்கட்டும் அக்கா. அந்த மேடம் என்னா கேட்டாலும் நமக்குப் பதில் இருக்கணும்" என்றார்.

உருகிப் போன கதை

பங்குனி மாதம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் டின்னைத் திறந்தால் உள்ளே குழம்பு.

எங்கள் முட்டாள்தனத்தை என்ன சொல்ல. தை மாதக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதும், அதை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்ப்பதும் மாத்தளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பங்குனி வெயிலில் அது தண்ணீராகிவிடும் என்பதும் தெரியும். அந்தப் பழைய எண்ணெய்தான் இது என்பதை, டின்னுக்குள் ஊற்றி டியோடரண்ட் என்று பெயர் வைத்ததும் இரண்டு பேரும் சுத்தமாக மறந்துவிட்டோம். வீடியோவில் அந்தப் பெண் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிண்டியதையாவது கவனித்திருக்கலாம்.

கட்டியாக்க ஏதாவது மெழுகு வேண்டும் என்று தெரிந்தது. ரோஸ்மேரி வீட்டில் வஹகோட்டை அந்தோணியார் கோயில் திருவிழாவில் இருந்து கொண்டுவந்த மெழுகுதிரித் துண்டுகள் ஒரு பெட்டி இருந்தன. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மந்திரிச்ச மெழுகுதிரி அக்கா. இதப் போயி இவரு கக்கத்துல..." என்றாள்.

"அந்தோணியார் பேர வச்சிருக்கிறவருக்குத் தான பூசப் போறோம்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியை மூடிவிட்டாள். கடைசியில் கரண்ட் போனால் கொளுத்துகிற கடை மெழுகுதிரியைத்தான் உருக்கினோம். அது நன்றாக இறுகியது. இறுகியது டின்னுக்குள் மட்டும் இல்லை. அந்தோணியின் கக்கத்து முடியெல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியவர் பஸ்ஸுக்குள் போட்ட சத்தத்தில், டிரைவர் ஆள் அடிபட்டுவிட்டது என்று பிரேக் போட்டுவிட்டார்.

நாள் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், மெழுகு இல்லாத பழைய கலவையையே டின்களில் ஊற்றிப் பக்கத்து வீட்டு ரஷீத் நானாவின் ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தோம். மேடம் வரும்போது எடுத்துக் காட்டினால் கட்டியாக இருக்கும், ஓடர் கிடைத்த பிறகு வழி தேடலாம் என்பது என் திட்டம். நானா நோன்பு திறந்த கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்து, ஏலக்காய் வாசத்தைப் பார்த்து வட்டிலப்பம் என்கிற இனிப்பு என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் மதிலுக்கு மேலாகத் தலை தெரிந்தது.

"தங்கச்சி, எண்ட வாப்பா காலத்துல இருந்து ஒங்களோட நல்லாத்தானே பழகுறோம். ஏன் இப்புடிச் செஞ்ச?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மதிலே ஆடியது. "உள்ளுக்குப் போனதால வயித்துக்குள்ளயும் இனி மணக்காது" என்றார். மறுநாள் டின்களுக்கென்று ஒரு தட்டையே காலி பண்ணிக் கொடுத்தார்.

மேடம் வந்த நாள்

அன்று காலையிலேயே கரண்ட் போயிற்று. வரும் வரும் என்று காத்திருந்தோம். வந்தது மேடத்தின் வேன்தான்.

மேடம் யாழ்ப்பாணத்துக்காரர், வடிவான கைத்தறிச் சேலை, ஆனால் சிரிப்பைக் காணோம். ரோஸ்மேரி டின்னைத் திறந்தாள். எண்ணெய் தளும்பி மேடத்தின் விரலில் ஓடியது.

"இது என்ன, தண்ணியாய் ஓடுது? நான் கட்டியாயெல்லோ கேட்டனான்."

"கரண்ட் போனதால மேடம்..." என்று தொடங்கினேன்.

"ஹோட்டல் அறையில ஏசி இருக்கும், அங்க இறுகும். ஆனா சனம் இதைப் பையில போட்டுக்கொண்டு வெயிலுக்கை திரியப் போகுது. அதோட, இது வேலை செய்யுமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

கவுண்டரில் பாடமாக்கிய அர்ச்சனை எல்லாம் என் வாயில் வந்து நின்றது. வெரி குட், வெரி நெச்சுரல், நோ கெமிக்கல். மேடம் கேட்டுவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழுந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கவுண்டரில் நின்ற எவளுக்கும் தெரியும். ரோஸ்மேரி அழவில்லை. டின் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூட ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் அந்தோணியின் பஸ் தம்புள்ளையில் இருந்து திரும்பி வந்தது. எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நின்றுவிட்டது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வாசலுக்கு வந்தவர் முதலில் டின்னைப் பார்த்தார், பிறகு பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

வேனில் ஏறப்போன மேடத்துக்கு முன்னால் போய் நின்று, பொலிஸ்காரனைக் கண்டவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"மேடம், ஒரு நிமிஷம். மொதல்ல இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம்."

மேடம் வெலவெலத்துப்போனார். "என்ன இது? ஆர் நீங்கள்?"

"இவ புருஷன் மேடம். இடது பக்கம் நம்ம சாமான் பூசியிருக்கு. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. மோந்து பாருங்க."

மேடம் அசையவில்லை. பஸ் ஜன்னலெல்லாம் தலையாக இருந்தது. "பயப்படாம பாருங்க மேடம், நாங்க டெய்லி பாக்குறோம்" என்றது ஒரு குரல். "இடது பக்கம் நல்லம் மிஸ்" என்றது அந்த டீச்சரம்மாவின் குரல். டிரைவர் ஒரு ஹோர்ன் அடித்தார்.

மேடம் ஒரு முழம் தள்ளி நின்று இடது பக்கம் மூக்கை நீட்டினார். புருவம் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனார். "ஏலக்காய்" என்றார். பிறகு, அந்தத் தைரியத்தில், வலது பக்கமும் அதே அளவு கிட்டப் போய்விட்டார்.

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேன் கதவு வரைக்கும் பின்னால் போனார். கதவில் சாய்ந்து நின்றவருடைய தோள் குலுங்கியது. வாந்தி எடுக்கிறார் என்று நினைத்து ரோஸ்மேரி தண்ணீர் எடுக்க ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். பஸ் முழுக்கக் கைதட்டியது.

மூச்சு வந்த பிறகு மேடம் கேட்டார். "எத்தனை நாளாய் இப்பிடி ஒரு பக்கம் மட்டும் பூசுறியள்?"

"தை மாசத்துல இருந்து மேடம்."

"சனத்துக்குள்ள வேலை செய்யிற ஆள். வெக்கமாய் இல்லையோ?"

அந்தோணி இன்னும் கையை இறக்கவில்லை. "இது சரிவந்துட்டா இவ வெளிநாடு போக மாட்டா மேடம்" என்றார்.

மேடம் வேன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "தேன்மெழுகு போடுங்கோ, மெழுகுதிரி வேண்டாம். பல்லேபொலப் பக்கம் தேன் எடுக்கிற ஆக்களிட்டை கேளுங்கோ. கட்டியாய் வந்தால் முதல் மாதத்துக்கு நான் எடுக்கிறன்" என்றார். மெழுகுதிரி விஷயத்தை யார் சொன்னது என்று பார்த்தேன். பஸ் ஜன்னலில் டிரைவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பல்லேபொலவில் தேன் எடுக்கிறவர்கள் மெழுகைச் சும்மா மாதிரித்தான் கொடுத்தார்கள். புதுவருஷ வெயிலில் டின்னை முற்றத்தில் வைத்தோம். உருகவில்லை. மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பிள்ளைகளே, நான் படித்தது இதுதான். உங்கள் சாமான் எவ்வளவு நல்லது என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பூசாத பக்கத்தையும் ஒளிக்காமல் காட்டுங்கள். ஆனால் அந்தப் பூசாத பக்கத்தைச் சுமக்கிறவர் யார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கள் முதலாளி அந்தப் பாதியைச் சொல்லித் தரவில்லை.

ரோஸ்மேரி ஏஜென்சியில் இருந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்த அன்று நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தேன்மெழுகு போட்ட முதல் டின்னைத் திறந்து, "கையத் தூக்குங்க" என்றாள். அந்தோணி பழக்கத்தில் இடது கையைத் தூக்கினார்.

"அது இல்ல, மத்தது" என்றாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, வலது பக்கத்துக்கு அவளே பூசிவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் யாரும் சீட் மாறி உட்காரவில்லையாம்.